ஜக்கில் பாதித் தண்ணீர்

பிறந்தநாள், திதி என்றால் ஏதாவது ஒரு ஹோமுக்குப் போன் போட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது நம் ஊர் வழக்கம். நானும் கட்டியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் அப்படிப் போன இடம், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கும் ஓர் இல்லம். இலை போட்டாகிவிட்டது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நிற்கிறோம். பந்தியிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும், பேச்சு வராது. மூலையில் இருந்த தண்ணீர் ஜக்கிடம் நேராகப் போய் அதன் பிடியில் கை வைத்தார். அதற்குள் அங்கே வேலை பார்க்கும் அம்மா ஓடிவந்து, "உனக்கெதுக்கு சாமி இதெல்லாம், நீ போய் உக்காரு, நான் ஊத்துறேன்" என்று தோளை அணைத்து உட்கார வைத்துவிட்டார். குரலில் அவ்வளவு கனிவு. எவ்வளவு தங்கமான மனுஷி என்று வீட்டுக்கு வந்து சொல்லி மாய்ந்துபோனேன்.

தங்கமான மனுஷிதான். ஆனால் அந்தக் கணத்தில் நடந்தது என்ன என்பது, இத்தகைய பராமரிப்பு பற்றிய ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்த பிறகே எனக்கு உறைத்தது. அன்றைக்கு அந்த மனிதர் தானாக முன்வந்து செய்யப்போன ஒரே வேலை அதுவாகக்கூட இருந்திருக்கலாம். அதைப் பாசம் தடுத்துவிட்டது.

"பொறுமையும் நல்ல மனசும் இருந்தாப் போதும், மத்ததெல்லாம் தானா வந்துடும்." பராமரிப்பு வேலைக்கு ஆள் சேர்க்கும்போது எல்லா இடத்திலும் கேட்கிற வசனம் இது. அறுபது வருடங்களுக்கு மேலாக ஆய்வாளர்கள் இந்த நம்பிக்கையைக் கையில் கடிகாரத்தோடு சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் சோதித்தவர்களில் ஒருவர் ஜாக் டிஸார்ட். நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த உளவியலாளர். 1950களில் பிரிட்டனில் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகள் பலர் பெரிய பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளில் வளர்ந்தார்கள். லண்டனின் டூட்டிங் பகுதியில் இருந்த ஃபவுன்டன் ஆஸ்பத்திரி அப்படிப்பட்ட ஒன்று. 1958இல் அங்கிருந்து 16 குழந்தைகளை எடுத்து, புரூக்லேண்ட்ஸ் என்ற வீட்டுக்கு மாற்றினார் டிஸார்ட். அதே மாதிரியான இன்னொரு 16 பேர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்கள். புரூக்லேண்ட்ஸில் நடந்தது ஒன்றும் மாயமில்லை. சின்னச் சின்னக் குழுவாகக் குழந்தைகள், ஒவ்வொரு குழுவுக்கும் மாறாத முகங்கள், பாலர் பள்ளியில் நடப்பதுபோல விளையாட்டு, பேச்சு. இரண்டு வருடம் கழித்துப் பேச்சுத் திறனை அளந்தபோது ஆஸ்பத்திரிக் குழந்தைகள் 6 மாத வளர்ச்சியை எட்டியிருந்தார்கள். வீட்டுக் குழந்தைகள் 14 மாத வளர்ச்சியை. குறைபாடு அதேதான், வளர்த்த விதம்தான் மாறியது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் ராய் கிங், நார்மா ரெய்ன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1971இல் வெளியிட்ட ஆய்வு. பல வகைக் குழந்தைகள் இல்லங்களை ஒப்பிட்டு, எது வீடு மாதிரி நடக்கிறது, எது கொட்டடி மாதிரி நடக்கிறது என்று அளந்தார்கள். அளவுகோல் நான்கு. ஞாயிற்றுக்கிழமையானாலும் அதே மணிக்குத்தான் எழுப்புகிறார்களா? எல்லாரையும் ஒரே மந்தையாகக் கழிப்பறைக்கும் குளிக்கவும் கொண்டுபோய் வரிசையில் காக்கவைக்கிறார்களா? குழந்தைக்கு என்று சொந்தச் சட்டை, சொந்தப் பொம்மை உண்டா? வேலை செய்கிறவர்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா, தனியாகப் போய்விடுகிறார்களா? நம் ஊர் விடுதிகளில் படித்த யாருக்கும் இந்த நான்கும் புதிதாக இருக்காது.

ஒரு இடம் வீடாவதும் இன்னொன்று கொட்டடியாவதும் எதனால்? ஆள் எண்ணிக்கை என்றுதான் யாரும் சொல்வோம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. எத்தனை குழந்தைக்கு எத்தனை ஆள் என்ற கணக்கைவிட, அந்த இல்லத்தை நடத்துகிறவர் என்ன பயிற்சி பெற்றவர் என்பதே வித்தியாசத்தைத் தீர்மானித்தது. ஆஸ்பத்திரி நர்சிங் பயிற்சியில் வந்தவர்கள் சுத்தத்தையும் ஒழுங்கையும் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்றவர்கள் குழந்தைகளோடு அதிகம் பேசினார்கள். நர்சுகள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்களோ அதைப் பார்த்தார்கள். "ஆள் பத்தலை சார்" என்பது நம் இல்லங்களில் எதற்கும் தயாராக இருக்கும் பதில். அது பல இடங்களில் உண்மையும்கூட. ஆனால் அது முழு உண்மை இல்லை என்பது ஐம்பது வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிகளை மூடி, நாலைந்து பேர் வாழும் சாதாரண வீடுகளாக மாற்றும் வேலை பிரிட்டனில் அதற்குப் பிறகு மெல்ல ஆரம்பித்தது. 1981இல் ஹாம்ப்ஷயரின் ஆண்டோவர் என்ற ஊரில், மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கென்று தெருவோடு தெருவாக வீடு எடுத்தார்கள். ஜிம் மேன்செல், டேவிட் ஃபெல்ஸ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். நல்ல வீடு, நல்ல ஊழியர்கள் கிடைத்தபிறகும் ஒரு சிக்கல் எல்லா இடத்திலும் தலைகாட்டியது. ஊழியர் சமைப்பார், துவைப்பார், பெருக்குவார். அங்கே வாழ்கிறவர் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கியவர் மாதிரி, வருடக்கணக்கில். இதற்கு மாற்றாக ஆண்டோவரில் உருவான முறைக்குத்தான் பிறகு 'ஆக்டிவ் சப்போர்ட்' என்று பெயர் வந்தது. ஊழியரின் வேலை என்ன என்பதற்கான விளக்கத்தையே அது மாற்றியது. டீ போட்டுக் கொடுப்பது அவர் வேலை இல்லை. அங்கே வாழ்கிறவர் டீ போடுவதற்குத் தேவையான உதவியைச் செய்வதே அவர் வேலை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு டீயை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஃப்ரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுக்க வேண்டும். மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். அடுப்பு, தூள், சர்க்கரை, வடிகட்டுவது, ஆற்றுவது. "டீ போடு" என்ற ஒரு வார்த்தைக்குள் பத்துப் பன்னிரண்டு வேலை இருக்கிறது. ஒருவரால் டீ போட முடியாது என்று நாம் சொல்லும்போது, இந்தப் பன்னிரண்டில் எது முடியாது என்று பார்த்துச் சொல்வதில்லை. அடுப்புச் சூடு ஆபத்து என்றால் அந்த இரண்டு படியை ஊழியர் செய்யட்டும். சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறப்பது யாருக்கும் ஆபத்தில்லை.

அடுத்தது, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு உதவி என்பது. சிலருக்கு "டீ குடிக்கலாமா?" என்று கேட்டாலே போதும், எழுந்து போவார். சிலருக்கு "பாலை எடுங்க" என்று அந்தந்தப் படியைச் சொல்ல வேண்டும். சொல்லும் புரியாதவருக்கு டப்பாவை நகர்த்திவைத்து, விரலால் காட்ட வேண்டும். அதுவும் போதாதென்றால் ஒரு ஸ்பூன் நாம் போட்டுக் காட்டிவிட்டு ஸ்பூனை அவர் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். கடைசியாகத்தான் கையோடு கை. விஜயதசமியன்று குழந்தையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைப்போமே, அது. ஆனால் இவர் குழந்தை இல்லை, நாற்பது வயது மனிதர். அதனால் மேலிருந்து பிடித்து இழுக்காமல், அவர் கைக்கு அடியில் நம் கையைத் தாங்கலாக வைப்பதே மரியாதை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள் இன்றைய பயிற்சியாளர்கள். வேண்டாமென்றால் அவர் கையை எடுத்துக்கொள்ளலாம் பாருங்கள்.

உதவியின் இந்த ஐந்து படிகளை மனப்பாடம் செய்ய அரை மணி நேரம் போதும். எந்த ஆளுக்கு, எந்த நேரத்தில், எந்தப் படி என்று கண்டுபிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. காலையில் வாய்ச்சொல்லில் நடந்த வேலைக்கு, களைத்துப்போன சாயங்காலத்தில் கை தாங்க வேண்டியிருக்கும். உதவி கூடினால் அந்த ஆள் பார்வையாளராகிவிடுகிறார். குறைந்தால் தோற்றுப்போகிறார், மறுநாள் சமையலறைப் பக்கமே வரமாட்டார். உப்பு மாதிரிதான்.

இந்த வித்தையைச் சொற்பொழிவால் கற்றுக்கொடுக்க முடியுமா? தெற்கு வேல்ஸில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்வியின் பதிலுக்கு அடித்தளம் போட்டது. 5 வீடுகள், 19 பேர். ஊழியர்களுக்கு முதலில் வகுப்பறைப் பயிற்சி. பிறகு பயிற்சியாளர் அந்த வீட்டுக்கே போய், ஒவ்வொரு ஊழியரோடும் தனித்தனியாகச் சமையலறையில் நின்று, செய்யச் சொல்லி, பார்த்து, திருத்தினார். அளந்த முறையும் சுவாரஸ்யமானது. ஓர் ஆள் ஓரமாக உட்கார்ந்து, குறித்த இடைவெளியில், இவர் இப்போது ஏதாவது செய்துகொண்டிருக்கிறாரா, யாராவது உதவுகிறார்களா என்று பதிந்துகொண்டே இருப்பார். பயிற்சிக்கு முன் உதவி கிடைத்தது நூறு நிமிடத்தில் சுமார் 6 நிமிடம். பயிற்சிக்குப் பின் சுமார் 23. ஏதாவது ஒன்றில் ஈடுபட்டிருந்த நேரம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் ஏறியது. அதிகம் பலன் அடைந்தவர்கள், இவரால் ஒன்றும் ஆகாது என்று ஒதுக்கப்படும், குறைபாடு அதிகமுள்ளவர்கள்.

அந்தக் குழுவே இரண்டு வருடம் கழித்து இன்னொன்றையும் வெளியிட்டது. பயிற்சியைப் பல வீடுகளுக்குப் பரப்பும்போது, சில இடங்களில் வகுப்பறைப் பகுதி நடந்தது, சமையலறைப் பகுதி சரியாக நடக்கவில்லை. அங்கெல்லாம் பலன் கரைந்துவிட்டது. நான் ஒவ்வொரு கருத்தரங்கிலும் இதை நினைத்துக்கொள்கிறேன். ஏசி ஹால், புரொஜெக்டர், மதியம் வெஜ் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. மறுநாள் காலை அதே மந்தைக் குளியல். சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுத்து யாரையும் ஓட்டவைத்ததில்லை. பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஒரு ஆள் வேண்டும். மேன்செலும் ஜூலி பீடில்-பிரவுனும் பின்னாளில் சொன்னதன் சாரமும் இதுதான்: வீட்டின் பொறுப்பாளர் ஆபீஸ் அறையிலிருந்து எழுந்து வந்து ஊழியரோடு நின்று காட்டிக்கொடுக்கும் வீடுகளில்தான் பயிற்சி நிலைக்கிறது.

பயிற்சியின் இன்னொரு பாதி, கோபத்தைப் படிப்பது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறவர், கையைக் கடித்துக்கொள்கிறவர், தட்டை விசிறி அடிக்கிறவர். "வேணும்னே பண்றான்" என்பது ஒரு தரப்பு. "அவனுக்கு அப்படித்தான், வியாதி" என்பது இன்னொரு தரப்பு. இரண்டுமே யோசிப்பதை நிறுத்திவிடுகின்றன. 1982இல் அமெரிக்காவில் பிரையன் ஐவாட்டா குழுவினர், தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழலில் வைத்துக் கவனித்தார்கள்: யாரும் கவனிக்காதபோது, கஷ்டமான வேலை கொடுத்தபோது, தனியாக விட்டபோது, சும்மா விளையாடும்போது. 6 பேரிடம், குறிப்பிட்ட ஒரு சூழலில் அந்தச் செயல் தெளிவாகக் கூடியது. ஒருவர் தலையை முட்டினால் எல்லாரும் ஓடிவருகிறார்கள். இன்னொருவர் முட்டினால் பிடிக்காத வேலையிலிருந்து விட்டுவிடுகிறார்கள். செயல் ஒன்று, செய்தி வேறு.

செய்தி என்றால் அதைச் சொல்ல வேறு வழி கற்றுக்கொடுக்கலாமே? 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் அதைத்தான் செய்தார்கள். பாடம் கடினமானபோது முரண்டு பிடித்த குழந்தைகளுக்கு, எனக்குப் புரியவில்லை என்று உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கவனம் வேண்டிய குழந்தைகளுக்கு, நான் நன்றாகச் செய்கிறேனா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். முரண்டு சரிந்தது. வசனத்தை மாற்றிக் கற்றுக்கொடுத்தபோது சரியவில்லை என்பதுதான் இதில் அழகு. பேச்சு வராதவருக்கு ஒரு படம், ஒரு சைகை போதும். ஊழியர் கற்க வேண்டியது, கத்துவதற்கு முன் என்ன நடந்தது, கத்தியபின் நாம் என்ன செய்தோம் என்று இரண்டு வரி எழுதிவைக்கும் பழக்கம்.

எல்லாம் இவ்வளவு நேராக நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இதே அணுகுமுறையில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இங்கிலாந்தில் 23 சேவைக் குழுக்களில் 246 பேரைப் பின்தொடர்ந்த சோதனை 2018இல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற குழுக்களுக்கும் பெறாத குழுக்களுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அறிவு தப்பு என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. சில நாள் பயிற்சி தந்து அனுப்பிவிட்டு, பழைய வேலைப்பளுவும் பழைய வழக்கமும் அப்படியே இருந்தால் அறிவு தாக்குப்பிடிக்காது என்றே எடுத்துக்கொள்கிறேன். சமையலறை ஆய்வு சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே.

கோபத்துக்குப் பின்னால் சில சமயம் வெறும் வலி இருக்கும். பல்வலி, காதில் சீழ், பல நாள் மலச்சிக்கல். சொல்ல வாயில்லாதவருக்குத் தலையை முட்டுவதுதான் சொல்லும் வழி. டாக்டரிடம் போனாலும் "இவங்க இப்படித்தான் இருப்பாங்க" என்று குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. தினமும் சோறு ஊட்டுகிற ஆள்தான், "இல்ல டாக்டர், நேத்திலேர்ந்து இடது பக்கம் மெல்ல மாட்டேங்கிறார்" என்று சொல்லக்கூடியவர். எல்லாருக்கும் பொதுவான வலிக்குறி என்று ஒன்று கிடையாது; ஒவ்வொருவருக்கும் தனித்தனி. சந்தோஷமாக இருக்கும்போது இவர் முகம், கை, குரல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால்தான் மாறும்போது தெரியும்.

பழசை மறக்கவைப்பதும் பயிற்சிதான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு வரும். வந்ததும் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் ஊர் வைத்தியம். சாவி ஒன்றும் செய்யாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், மணியைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. அதேபோல மறக்கவைக்க வேண்டிய இன்னொன்று, தலையை அண்ணாத்தி வைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவது. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அப்படித்தான் புரையேறி, நுரையீரலுக்குப் போய், நிமோனியாவாகிறது.

அறியாமை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு பெயர் உண்டு: ஆலிவர் மெக்கோவன். ஆட்டிசமும் வலிப்பும் லேசான அறிவுசார் குறைபாடும் உள்ள 18 வயதுப் பையன். மனநோய் மருந்து வேண்டாம், ஒத்துக்கொள்ளாது என்று அவரும் பெற்றோரும் எவ்வளவோ சொல்லியும் கொடுத்தார்கள், 2016இல் இறந்துபோனார். அவர் தாயார் விடாமல் நடத்திய போராட்டத்தின் விளைவாக, 2022ஆம் ஆண்டின் சுகாதார, பராமரிப்புச் சட்டம் இங்கிலாந்தில் பதிவுபெற்ற ஆஸ்பத்திரி, பராமரிப்பு இல்ல ஊழியர்கள் எல்லாருக்கும் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் குறித்த பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆலிவர் பெயரிலேயே பயிற்சி. அதை நடத்துகிறவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவரும் ஒருவராக இருக்கிறார். நூறு ஸ்லைடுகளைவிட அவர் முன்னால் வந்து உட்காருவது பெரிய பாடம் என்பது என் கட்சி.

நம் பக்கம் வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 15 லட்சம் பேர். சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சரிதான். ஆனால் மாலை நாலு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதி நேரத்துக்கு அங்கே இருப்பவர் ஆயாம்மா. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவு வலிப்பு வந்தால் முதலில் எழுவது எல்லாம் அவர்தான். இந்த வேலைக்கும் இதை ஒட்டிய வேலைகளுக்கும் வகுப்புகள் இல்லாமல் இல்லை. தேசிய அறக்கட்டளையின் 'சஹயோகி' திட்டம் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மறுவாழ்வு கவுன்சில் 2021இல் தொடங்கிய ஆறு மாதப் படிப்பு இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது. என்றாலும், பக்கத்து ஊரிலிருந்து போன வாரம் வேலைக்குச் சேர்ந்த ஒரு அம்மாவின் பக்கத்தில், சமையலறையில் ஒரு நாள் முழுக்க நின்று காட்டித்தர யாராவது வந்தார்களா என்பதே கேள்வி. "எங்களுக்கப்புறம் இவனை யார் பாத்துப்பா?" என்று வயதான பெற்றோர் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி இதற்குள் இருக்கிறது.

அடுத்த முறை ஹோமில் சாப்பாடு போட நீங்கள் போன் செய்யும்போது, வடையும் பாயசமும் பேசி முடித்ததும் இன்னொன்றையும் கேளுங்கள்: இங்கே வேலை பார்க்கிறவர்களுக்குக் கடைசியாக எப்போது பயிற்சி நடந்தது, யார் வந்து நடத்தினார்கள்? பதில் தயங்கினால் அந்த ஒரு வேளைப் பணத்தை அதற்கே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பந்தியிலிருந்து யாராவது எழுந்து ஜக்கை நோக்கிப் போனால் வழிவிடுங்கள். கனமாக இருக்குமே என்று தோன்றினால், பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஜக்கை அவர் கையில் கொடுங்கள்.